காலி எடை

விளையாட்டு விடுதியின் சமையற்கட்டில் முதல் அடுப்பு எப்போதும் முட்டைக்குத்தான். இரண்டாவதில் கஞ்சி, மூன்றாவதில் பருப்பு. பெரிய பானைக்குள் முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சலசலக்கத் தொடங்கும்போது மைதானத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் ஓடும் காலடிச் சத்தமும் கேட்க ஆரம்பிக்கும். அந்தக் காலடியை வைத்தே இன்றைக்கு யாருக்கு எவ்வளவு பசிக்கும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டுவிடுவார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவரை மாஸ்டர் என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். மனைவி ‘என்னங்க’ என்பாள். மகள் ‘அப்பா’ என்பாள். அவளும்கூட மெஸ்ஸில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும்போது ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள். “வீட்லதான் நீ அப்பா. வரிசையில அப்பான்னு கூப்பிட்டா, எனக்கு மட்டும் ஒரு முட்டை கூட வச்சேன்னு பேர் வந்துடும்” என்பாள்.

நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்கள், பந்தாட்டக்காரர்கள் என்று எல்லா அணிக்கும் அங்கே தனித்தனி மேசை உண்டு. நடு மேசை மட்டும் மல்யுத்த அணிக்கு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை; ஆனால் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை. மல்யுத்தத்தில் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஓர் ஆள் இறங்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு எதிராளிக்குச் சும்மா போய்விடும். மற்ற பல்கலைக்கழகங்கள் ஒன்றிரண்டை அப்படி விட்டுக்கொடுப்பது சகஜம். இவர்கள் விட்டதே இல்லை. அணி தொடங்கிய காலத்திலிருந்து ஒரு வருஷம்கூட ஒரு எடையைக் காலியாக விட்டதில்லை. ஆள் இல்லாத பிரிவுக்காக உடம்பைக் குறைத்தோ ஏற்றியோ இறங்கியவர்களின் பெயர்களை உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் பெயின்டால் எழுதியிருந்தார்கள். ஜெயித்தவர்களின் கோப்பைகள் அலமாரிக்குள் தூசி படிந்து கிடந்தன. அந்தச் சுவருக்குத்தான் வருஷா வருஷம் வெள்ளையடித்துப் பெயர்களைப் புதுப்பித்தார்கள்.

தினமும் காலையில் கேப்டன் எழுந்து நின்று, “காலி உண்டா?” என்று கத்துவாள். தட்டுகள் அதிர நடு மேசை முழுக்க “இல்லை!” என்று திருப்பிக் கத்தும். சமையற்கட்டிலிருந்து மாஸ்டரும் கரண்டியால் பானையை ஒரு தட்டுத் தட்டுவார். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

புழுக்கம் தாங்காத ஒரு காலையில் கோச் சமையற்கட்டுக்குள் வந்து நின்றார். கோச் நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் கதையை நகர்த்தினால் பாவம். பணியாளர் குடியிருப்பிலிருந்து தத்தித் தத்திக் கூடத்துக்குள் போய், ஒரு தடியன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கிய மாஸ்டரின் சின்ன மகளைப் பார்த்து, “இது பொண்ணா உடும்பா?” என்று சிரித்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவளுக்கு மேட் என்கிற மல்யுத்த விரிப்பில் இடம் கொடுத்தவரும் அவர்தான். உடும்பு என்ற பெயர் அவளோடு வளர்ந்து பல்கலைக்கழக அணி வரைக்கும் வந்துவிட்டது.

“மாஸ்டர், ஒரு விஷயம்.”

“சொல்லுங்க சார். டீ போடவா?”

“வேண்டாம். அம்பது கிலோப் பொண்ணுக்குத் தோள்பட்டை இறங்கிடுச்சு. இந்த வருஷம் அவ இல்ல.”

“அடடா. அப்ப அந்த எடைக்கு?”

கோச் பருப்பு கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டரின் கையில் கரண்டி நின்றது.

“எங்க பாப்பா அம்பத்தாறு இருக்கா சார்.”

“அம்பத்தஞ்சரை. நேத்துதான் நிறுத்தேன். முதல்ல ஒரு ரெண்டு கிலோ இறக்கட்டும். உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னு பார்த்துட்டு மேல போவோம். நான் கட்டாயப்படுத்தல. கேட்டேன், சரின்னுட்டா.”

“அந்தப் புதுப் பொண்ணு, கடுகு... அவ இன்னும் சின்ன உடம்பாச்சே?”

“அவளுக்கு இன்னும் மேட்டே பிடிபடல மாஸ்டர். முதல் வருஷம். அடிபட்டுடுவா. உங்க பொண்ணு ரெண்டு வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கா. அவ எடையில சீனியர் இருக்கறவரைக்கும் அவளுக்கு வழி இல்ல. இது அவளுக்கும் ஒரு வாய்ப்பு.”

“நீங்க கேட்டா மாடியிலேர்ந்து குதிக்கக்கூட அவ சரின்னுதான் சொல்லுவா.”

கோச் சிரித்தார். மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பின்னாட்களில் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவர் தன்னை அதிகம் நொந்துகொண்டார்.

ரெண்டு கிலோ சுலபமாக இறங்கியது. இளம் உடம்பு. அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. சோறு நின்றது, ரொட்டி நின்றது. முட்டையில் மஞ்சளை எடுத்துத் தட்டோரம் ஒதுக்கினாள். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று உப்பையும் நிறுத்தினார்கள். அவளுக்கென்று ஒரு சின்னச் சட்டியில் உப்பில்லாக் கஞ்சி தனியாகக் கொதித்தது. அத்தனை பேருக்கு வயிறு நிறையக் கொட்டுகிற கை, பெற்ற மகளுக்கு அரைக் கரண்டி ஊற்றிவிட்டு நின்றது.

அவருடைய மனைவி கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் பள்ளிச் சீருடை தைப்பவள். வாய்க்கும் கத்தரிக்கும் வித்தியாசம் கிடையாது. மகளின் போட்டி உடுப்பைப் பிடிக்கக் கொடுத்தபோது அவள் டேப்பை மகளின் இடுப்பில் சுற்றினாள். சுற்றிய டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போன வாரம்தானேடி பிடிச்சேன்?”

“பேசாம அளவெடும்மா.”

“என்னத்த அளக்கறது? எலும்பையா? என்னங்க, இங்க வந்து பாருங்க. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தின்னு தின்னுன்னு விரட்டறீங்களே, உங்க வீட்டுப் பிள்ளை காத்தடிச்சா பறக்கப் போகுது.”

“அம்மா, போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எடை பார்த்ததும் சாப்பிட்டுக்கலாம்.”

“சாப்பிடறதுக்கு ஆள் இருக்கணுமில்ல?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. “அப்பா, நீயாவது சொல்லேன். நீதானே காலி உண்டான்னா பானையைத் தட்டுவ? இப்ப நான் போகலன்னா என்னாலதான் காலி விட்டுச்சுன்னு ஆயிடும். காலத்துக்கும் சொல்லுவாங்க.”

“கோச்கிட்ட நான் ஒரு வார்த்தை...”

“நீ நடுவுல வராதப்பா. மெஸ்காரர் மகள்னு சலுகை கேக்கறான்னு பேர் வரும். அப்புறம் நான் அந்த மேட்ல காலே வைக்க மாட்டேன்.”

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவர் அதற்குப் பதில் வேறொன்று செய்தார்.

மறுநாள் சின்னச் சட்டியில் கஞ்சி கொதிக்கும்போது அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். காய் நறுக்குகிறவன் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உப்பு ஜாடிக்குள் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். கொஞ்சம் நின்று யோசித்து, இன்னொரு சிட்டிகை போட்டார். அவளுக்கு என்று எடுத்து வைத்த கோழித் துண்டையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். எடை இறங்காவிட்டால் கோச்சே கைவிட்டுவிடுவார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாம்பும் சாகும், தடியும் உடையாது. தன் கெட்டிக்காரத்தனத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

அவள் கஞ்சியை வாயில் வைத்தபோது மாஸ்டர் கரண்டியைக் கழுவுவதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு வாய் விழுங்கினாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மிச்சத்தையும் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

தராசு முள் அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. கோச் நெற்றியைத் தேய்த்தார். “என்ன உடும்பு, பிடிச்ச பிடியை விட மாட்டேங்குதே உடம்பு?” என்றார். மாஸ்டர் உள்ளுக்குள் சிரித்தார். இன்னும் இரண்டு நாள் இப்படியே ஓட்டிவிட்டால் போதும்.

ஆனால் பெற்றவருக்கு மறந்துபோன ஒன்று உண்டு. அவளுக்கு உடும்பு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

சமையற்கட்டுச் சுவரை ஒட்டியே கொதிகலன் அறை. விடுதிக்கு வெந்நீர் போவது அங்கிருந்துதான். மத்தியானச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கயிறு தாண்டும் சத்தம் கேட்டது. சட்... சட்... சட்... கயிறு தரையில் அடிக்கும் சத்தம். யாரோ பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மாஸ்டர் கோழியை வெட்டினார். அந்தச் சத்தத்துக்கு ஏற்றாற்போல் அவர் கத்தியும் விழுந்தது. வெகுநேரம் அப்படியே போயிற்று. பிறகு கயிறு நின்றது.

‘களைச்சுட்டாங்கபோல’ என்று நினைத்தார். இன்னும் இரண்டு துண்டு வெட்டினார். இந்தப் புழுக்கத்தில் எவர் போய்க் கொதிகலன் பக்கத்தில் குதிப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மகள் குழாய்க்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். மேலே இரண்டு கம்பளிச் சட்டை. அதற்குள்ளே குப்பைக்குப் பயன்படுத்தும் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. மாஸ்டர் பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தார். “பாப்பா, பாப்பா” என்று கத்தியதில் காய் நறுக்குகிறவன் ஓடி வந்தான். காய்கறி ஏற்றுகிற வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கோழி வாசம் வீசும் கையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

மனைவி தையல் கடையிலிருந்து கழுத்தில் டேப்போடு வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து இருவரையும் நிறுத்திக் கேட்டார்.

“உடம்புல தண்ணியே இல்ல. ரத்தத்துல உப்பு தாறுமாறா ஏறியிருக்கு. எடை குறைக்கறதுக்காக ஏதாவது மருந்து, உப்புத் தண்ணி, அந்த மாதிரி குடிச்சாளா?”

“உப்பா?” என்றாள் மனைவி. “அதெல்லாம் கிடையாது டாக்டர். எத்தனையோ நாளா அவ நாக்குல உப்பே படல. இவர்தான் தனியா சமைச்சுப் போடறார். கேட்டுப் பாருங்க.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “சரி, ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துத்தான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

நடையோரம் இருந்த பெஞ்சில் மனைவி உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை.

“உப்பு போட்டேன்” என்றார்.

“என்னது?”

“கஞ்சியில. கோழியில. எடை இறங்கலன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அவ இப்படிப் பண்ணுவான்னு...”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வழக்கமாகத் தெறிக்கிற வாய், அன்றைக்கு மெதுவாகத்தான் பேசியது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

“உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. அவ தின்னா, தண்ணியும் குடிக்கல. தெரியாமலே தின்னிருக்கா, பாவி மக. ஏங்க, அந்தக் கோச்சு முன்னாடி நின்னு என் பொண்ணை விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்க உங்களால ஆகல. போய் உப்பு ஜாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்களா?”

அவர் கோழி வாசம் போகாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை, பிழைத்துக்கொண்டாள் என்றார்கள். மாஸ்டர் உள்ளே போனார். கையில் ஊசி குத்தி, உதடு வெடித்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். “பாப்பா, அந்தக் கஞ்சியில...”

“தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“உப்பில்லாம நாக்கு செத்துக் கிடந்துச்சு. முதல் வாயிலேயே தெரிஞ்சிடுச்சு.”

“தெரிஞ்சா ஏன் குடிச்ச? கொட்டியிருக்கலாமே? என்னைக் கேட்டிருக்கலாமே?”

அவள் மேல்கூரையைப் பார்த்தபடி சொன்னாள். “நல்லா இருந்துச்சுப்பா. நிறுத்த முடியல. ஓடிக் கழிச்சுக்கலாம்னு நினைச்சேன்.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை மாட்டிவிட வேண்டாம்னுதான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத” என்றாள். பிறகு, “அம்பதுக்கு இப்ப யாரு?” என்று கேட்டாள்.

“அது எதுக்கு உனக்கு?” என்றார். ஆனால் அந்தக் கேள்வி அவரோடு கூடவே நடந்து விடுதிக்கு வந்தது.

பதில் மெஸ் வரிசையிலேயே காத்திருந்தது. அன்று மத்தியானம் அணி புறப்படுவதாக இருந்தது. புறப்படும் முன் எல்லா அணிகளும் சேர்ந்து சாப்பிடுவது பழக்கம். காய் நறுக்குகிறவனே ஓரளவு சமைத்து வைத்திருந்தான். மாஸ்டர் முகத்தைக் கழுவிக்கொண்டு பரிமாற நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக, “உடும்பு எப்படி இருக்கா மாஸ்டர்?” என்று கேட்டார்கள். பிறகு கடுகு வந்து நின்றாள். முதல் வருஷத்துப் பெண். தட்டில் ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“எனக்கு வெள்ளை மட்டும் மாஸ்டர். பாதி முட்டை. உப்பு வேண்டாம்.”

“யார் சொன்னது?”

“கோச். நாளைக்குக் காலையில எடை பார்க்கறாங்க. இன்னும் ரெண்டு கிலோ இருக்கு.”

அவளுக்கு மேட் பிடிபடவில்லை, அடிபட்டுவிடுவாள் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லியிருக்கிறது. மாஸ்டர் அவள் தட்டை வாங்கினார். சோறு வைத்தார். பருப்பு ஊற்றினார். இரண்டு முட்டை, ஒரு கோழித் துண்டு, ரொட்டி. தட்டு கனத்தது. அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் நடு மேசையில், கோச்சுக்கு எதிரே வைத்தார்.

“சார், இவ சாப்பிட்டாத்தான் நான் அடுத்த தட்டுக்குப் பரிமாறுவேன்.”

கோச் நிமிர்ந்தார். “மாஸ்டர், உங்க மனசு எனக்குப் புரியுது. ராத்திரி பூரா எனக்கும் தூக்கம் இல்ல. ஆனா இவளுக்கு ரெண்டே கிலோதான்.”

“என் பொண்ணுக்கும் முதல்ல ரெண்டு கிலோன்னுதான் சொன்னீங்க.”

“அவ யாருக்கும் தெரியாம கொதிகலன் ரூமுக்குப் போனா. நான் போகச் சொன்னேனா? எடை இறங்கற மாதிரிதான் நான் திட்டம் போட்டேன். ஏன் இறங்கலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.”

“நான் உப்பு போட்டேன். அதான் இறங்கல.”

கரண்டிச் சத்தம்கூட நின்றது. கோச்சின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

“என்ன சொல்றீங்க?”

“உங்ககிட்ட முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்ல. திருட்டுத்தனமா உப்பு போட்டேன். அவ அதைக் கழிக்கறதுக்குக் குதிச்சா. தப்புல அந்தப் பாதி என்னோடது. மேலே எழுதி அனுப்புங்க, என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். மீதிப் பாதி இந்தக் காலி எடைங்கற பேச்சோடது. அதுக்கு யார்கிட்ட எழுதி அனுப்பறது?”

“மாஸ்டர், இது உங்க வேலையில்ல.”

“சோறு போடறதுதான் சார் என் வேலை.”

யாரும் எதிர்பாராதபடி, பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த கடுகுதான் வெடித்தாள். “உங்களை யாரு கேட்டா? என் உடம்பு இது! எனக்கு இதை விட்டா வாய்ப்பு வராது. என் பேரு சுவத்துல வந்திருக்கும். நீங்க யாரு அதைக் கெடுக்கறதுக்கு?” என்று அழுதுகொண்டே கத்தினாள். அழுகையில் மூக்கை உறிஞ்சியபோது கோழி வாசம் உள்ளே போயிருக்க வேண்டும். மேசை மேலிருந்த கை தானாக நகர்ந்து ரொட்டியைத் தொட்டது. தொட்டதை எடுத்தது. திட்டிக்கொண்டே தின்றாள். பிறகு திட்டுவதை விட்டுவிட்டுத் தின்றாள். கேப்டன் தலையைக் குனிந்துகொண்டாள். கோச் எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

பஸ் புறப்பட்டபோது வழக்கமான கூச்சல் எழவில்லை. சாயங்காலம் விடுதி அலுவலகத்தில் கூப்பிட்டு, விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சமையற்கட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாஸ்டர் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. விழுந்ததிலிருந்து அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“காலி விட்டுடுச்சா?”

“விட்டுடுச்சு.”

“எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க. உடும்பு வருஷம்னுதான் சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க” என்றார் அவர். இல்லை என்று பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“நீ போப்பா. எனக்கு இப்ப உன்னைப் பார்க்கப் பிடிக்கல. அம்மாவை வரச் சொல்லு.”

அவர் வெளியே வந்து மனைவியை அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே மனைவியின் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மகளின் விசும்பல் இடையிடையே கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மகளின் குரல், தெளிவாக, கொஞ்சம் கோபமாக வந்தது.

“பசிக்குதும்மா.”

மனைவி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “காதுல விழுந்துச்சா? உக்காந்திருக்கீங்களே” என்றாள்.

மாஸ்டர் எழுந்தார். கால் பழக்கத்தில் விடுதிப் பக்கம் திரும்பியது. அங்கே இனித் திறக்க அவரிடம் சாவி இல்லை. குடியிருப்பு வீட்டுக்குப் போய் ஆக்கிக்கொண்டு வர நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கடையிலும் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கியதில்லை. முன்னால் நின்றவர்களுக்குப் பின்னால் போய் நின்றார். கடைக்காரன் பொரிப்பதையும் கிளறுவதையும் பார்த்தார். அவர் முறை வந்தது.

“என்ன வேணும் பெரியவரே?”

மாஸ்டர் அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“உடம்பு சரியில்லாத பொண்ணுக்கு” என்றார். “எது சூடா இருக்கோ, அதைக் கொடுங்க தம்பி.”